மணற்கடல் கதை எப்படி முடிகிறது, கதிர்?

கதிர்,

என் போனை நீ எடுக்க மாட்டாய். என் எண்ணை நீ தடுத்து வைத்து ஏழு மாதமாகிறது. தபாலில் எழுதலாம் என்றால் உன் வான்கூவர் விலாசம் என்னிடம் இல்லை. அதை வைத்திருந்தவள் உன் அம்மா, எந்த டைரியில் எழுதி வைத்தாள் என்று அவளுக்குத்தான் தெரியும். அதனால்தான் இங்கே வந்து நிற்கிறேன். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு எந்தெந்த ஃபேண்டஸி நாவல்களைக் கொடுக்கலாம் என்று படித்தவர்கள் பரிந்துரை எழுதும் சிறப்பிதழ் இது. இதில் எட்டாம் வகுப்பைத் தாண்டாத பழைய பேப்பர் வியாபாரிக்கு என்ன வேலை என்று மற்றவர்கள் கேட்கலாம். இதழை நடத்துகிற ரெஹானாவிடம் இரண்டு பக்கம் கொடு அம்மணி என்று கேட்டேன். கெஞ்சினேன் என்று சொல்வதுதான் சரி. அச்சில் வருவதற்கு முன்பே இணையப் பக்கத்தில் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். நீ அந்தப் பக்கத்தைப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உன் தங்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ பாதியில் மூடிவிட்டாலும் இது உன் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

தாரணி சாப்பிடுவதில்லை. காலையில் அரை இட்லி, மாலையில் ஒரு டம்ளர் பால், அதுவும் நான் எதிரில் நின்றால்தான். பள்ளிக்கூடம் போய் மூன்று மாதமாகிறது. பேசுவதும் இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் துண்டுச்சீட்டில் எழுதி மேசையில் வைக்கிறாள். அவளுடைய போனை அணைத்து பீரோவில் வைத்துவிட்டாள், அதனால் நீ கூப்பிட்டிருந்தாலும் எடுத்திருக்க மாட்டாள். உன்மேல் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. இரண்டு நாளைக்கு முன்பு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். எடை பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வர்ற திங்கக்கிழமை மறுபடியும் பாக்கறேனுங்க. இதுக்கு மேல இறங்கியிருந்தா அட்மிட் பண்ணித்தான் ஆகணும். மாத்திரை ஒரு பக்கம் வேலை செய்யட்டும். அவளா எதையாச்சும் வேணும்னு கேக்கறாளான்னு பாருங்க. கேட்டா அதைப் புடிச்சுக்குங்க" என்றார். அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறாள். அது என் கையில் இல்லை. உன் கையில் இருக்கிறது.

உன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி ஒரு மாதத்தில் அவளுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டதும் தாரணி நேராக அங்கே வந்துவிடுவாள். "உங்கண்ணன் உன்ற வயசுல சமையக்கட்டுல உக்காந்துட்டுச் சொல்லுவான் கண்ணு" என்று ஆரம்பித்து, ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், மூச்சு எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அவ்வளவு. நான் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து சரக்கு லாரிக்குப் போன் பேசிக்கொண்டிருப்பேன். அதனால் துண்டு துண்டாகத்தான் என் காதில் விழுந்தது. மழையே பெய்யாத ஒரு நாடு. கடல் இருந்த இடமெல்லாம் மணல். அந்த மணலின் மேல் ஓடுகிற படகு. அதை ஓட்டுகிறவள் பதினாலு வயதுப் பெண். மழையை யாரோ ஒரு கோட்டைக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள், அதைத் திறந்துவிட இவள் போகிறாள். கோட்டை வாசலில் முகமில்லாத காவல்காரன். அவன் சொல்கிறான், உனக்குப் பிரியமான ஒன்றை இங்கே விட்டுவிட்டு உள்ளே போ, திரும்பி வரும்போது அது உன்னுடையதாக இருக்காது என்று. அந்த இடத்தில் உன் அம்மா, "தொண்டை வறண்டுபோச்சு சாமி, மிச்சத்தை நாளைக்குச் சொல்றேன்" என்றாள். மறுநாள் காலையில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவள் திரும்பி வரவில்லை. உன் தங்கை இன்னும் அந்தக் கோட்டை வாசலில்தான் நின்றுகொண்டிருக்கிறாள், கதிர்.

அவள் அங்கேயே நிற்கிறாள் என்பது முதலில் எனக்குத் தெரியாது. பெண்பிள்ளை மனம் உடைந்துபோயிருக்கிறாள், கதைப்புத்தகம் பிடிக்கும், வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்து உக்கடத்தில் ரெஹானாவின் புத்தகக் கடைக்குப் போனேன். சரக்கு எடுக்கப் போகிறவன் மாதிரித்தான் போனேன். "பதினாலு வயசுப் புள்ளைக்கு அம்மணி. ஃபேண்டஸிங்கறாங்களே, அதுல நல்லா ஓடறதாப் பாத்து எடு" என்றேன். "புள்ளைக்கு எப்பிடிப்பட்ட கதை புடிக்குமுங்க ஐயா?" என்று கேட்டாள். "அது தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு இங்க வாரேன்?" என்றேன். அவள் ஏதோ விளக்க ஆரம்பித்தாள். நான் அதற்குள் அலமாரியில் கையை வைத்துவிட்டேன். தாளைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பது, முதுகைத் திருப்பித் தையலா பசையா என்று பார்ப்பது, மூக்கருகே கொண்டுபோவது என்று எல்லாம் கை தானாகச் செய்தது. "ஏனுங்க ஐயா, நீங்க புக்கு எடுக்கறீங்களா, பேப்பர் எடுக்கறீங்களா?" என்று சிரித்தாள். இருப்பதிலேயே தடிமனாக ஆறு எடுத்தேன். தடிமனாக இருந்தால் நாள் தாங்கும் என்பது என் கணக்கு. வீட்டுக்கு வந்து கொடுத்தேன். தாரணி ஆறையும் மேசையில் வரிசையாக நிறுத்திவிட்டு ஒரு சீட்டு எழுதி வைத்தாள். ஒன்று ஒரு கதையின் மூன்றாம் பாகமாம். இன்னொன்று ஐந்தில் இரண்டாவதாம். ஒன்று கடைசிப் பாகமாம். 'எதற்குமே ஆரம்பம் இல்லை' என்று எழுதியிருந்தாள். நாற்பது நாளில் அவளிடமிருந்து எனக்கு வந்த முதல் வார்த்தை அதுதான்.

சிறப்பிதழ் என்பதால் மற்ற பெற்றோர்களுக்கும் சொல்லிவைக்கிறேன், ரெஹானாவிடம் கேட்ட இரண்டு பக்கத்துக்கு நானும் ஏதாவது கொடுக்க வேண்டும் அல்லவா. இந்த மாதிரி நாவல்கள் பெரும்பாலும் பாகம் பாகமாக வருகிறவை. முதல் பாகத்திலிருந்து வாங்குங்கள். எழுதியவர் கதையை முடித்துவிட்டாரா என்று கடைக்காரரைக் கேளுங்கள், முடிக்காமல் வருடக்கணக்காக இழுக்கிறவர்களும் இருக்கிறார்களாம். துக்கத்தில் இருக்கும் பிள்ளை என்றால் முதல் அத்தியாயத்திலேயே தாய் தகப்பன் செத்துப்போகிற கதையா என்று விசாரியுங்கள். அப்படிப்பட்டதுதான் அதிகமாம். சில பிள்ளைகளுக்கு அதுதான் வேண்டியிருக்கிறது, சில பிள்ளைகளுக்கு அது ஆகாது. எது என்று பிள்ளையைக் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். இதெல்லாம் ரெஹானா சொன்னது. அடுத்த முறை அவளே தேர்ந்தெடுத்து ஒரு கதையின் மூன்று பாகங்களைக் கொடுத்தாள். நாட்டையே தேனீக்கள் ஆள்வதாக ஏதோ ஒரு கதை. தாரணி ஒரே வாரத்தில் மூன்றையும் முடித்தாள். அந்த வாரம் ஒரு இட்லி முழுதாக இறங்கியது. நான் சும்மா இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை எதிரில் உட்கார்ந்து, "இத்தனை பக்கம் படிச்சியே அம்மணி, இதுல என்ன கத்துக்கிட்டே? நாலு வரி சொல்லு பாக்கலாம்" என்று கேட்டுவிட்டேன். பிரியத்தில்தான் கேட்டேன். எடை போட்டே பழகிய வாய் எனக்கு. அவள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு ரெஹானா கொடுத்த எதையும் அவள் திறக்கவில்லை. பிள்ளைகள் படித்து முடித்ததும் கேள்வி கேட்காதீர்கள். இந்தப் பரிந்துரையை மட்டும் நான் என் பெயரிலேயே தருகிறேன்.

பத்து நாள் கழித்து அந்தச் சீட்டு வந்தது. 'அண்ணன் படித்த மணற்கடல் புத்தகம் வேண்டும்.' அவளாகவே ஒன்றை வேண்டும் என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கே உக்கடத்துக்கு ஓடினேன். "பேரு என்னங்க ஐயா?" "தெரியாதம்மணி." "எழுதுனவங்க?" "தெரியாது." உன் புத்தகங்கள் என் நினைவில் இருந்த மாதிரியைச் சொன்னேன். மஞ்சள் பூத்த தாள், கனமில்லாமல் ஊதின மாதிரி இருக்கும், முதுகில் பசை ஒட்டு, முன்பக்கம் மடித்து வைத்தாற்போல ஒரு வரைபடம். "அது என்ற கடையில பாதிக்குப் பொருந்துமுங்க. அட்டை எப்பிடி இருந்துச்சு, அதைச் சொல்லுங்க" என்றாள். நான் லாரி வந்திருக்கும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். அட்டையை ஏன் நான் சொல்ல முடியவில்லை என்று உனக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்கும் தெரிய வேண்டிய இடம் வந்துகொண்டிருக்கிறது.

பெயர் தெரியாவிட்டால் என்ன, தேடிவிடலாம் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. கோயமுத்தூர் ஜில்லாவில் கழித்துக் கட்டுகிற புத்தகம் எதுவும் என் போத்தனூர் குடோனுக்கு வராமல் பேப்பர் மில்லுக்குப் போவதில்லை. அந்த வாரம் இரண்டு கல்லூரிகளின் பழைய நூலகச் சரக்கு மலை மாதிரி வந்து இறங்கியிருந்தது. மரகதத்தை உனக்கு ஞாபகம் இருக்கும், தரம் பிரிக்கிற பெண்களுக்கு மேஸ்திரி. அவளிடம், "இங்கிலீசு கதைப் புக்கு, முன்னாடி மேப்பு போட்டது எதுவா இருந்தாலும் தனியா எடுத்து வெச்சுப்போடு. மத்த வேலை அப்பறம்" என்றேன். "யாருக்குங்க மொதலாளி, மில்லுக்கா?" "ஊட்டுக்கு." இரண்டு நாள் எட்டுப் பெண்கள் அதையே செய்தார்கள். ஐம்பதுக்கு மேல் சேர்ந்தது. இரண்டு சாக்கில் கட்டிக் காரில் போட்டு, நானே மாடிக்குச் சுமந்துபோய் அவள் கட்டிலில் கொட்டினேன். மூச்சு வாங்கியது, ஆனால் சந்தோஷமாக இருந்தது. இதில் எது உன் புத்தகமோ அது நிச்சயம் இருக்கும் என்று நம்பினேன். அவள் ஒன்றை எடுத்துத் திருப்பினாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு வாயைத் திறந்து கேட்டாள். எத்தனை வாரம் கழித்து அந்தக் குரலைக் கேட்கிறேன். "அப்பா, இதுக்கெல்லாம் அட்டை எங்க?"

ஒன்றுக்கும் அட்டை இல்லை. எங்கள் தொழிலில் புத்தகத்தை எடுத்து வை என்றால் அட்டையைக் கிழித்துவிட்டு எடுத்து வை என்று அர்த்தம். அட்டையின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் மில்லில் கரையாது, அதோடு அனுப்பினால் லோடைத் திருப்பிவிடுவார்கள். மரகதத்தின் கை யோசித்துக்கொண்டு செய்கிற கை இல்லை. புத்தகம் கைக்கு வந்ததும் அட்டை போய்விடும். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நான் அந்த ஐம்பதையும் எண்ணிச் சாக்கில் போட்டவன், மாடிக்குத் தூக்கி வந்தவன். எனக்கே அது கண்ணில் படவில்லை, கதிர். முப்பத்தைந்து வருடமாகப் புத்தகத்தை அந்தக் கோலத்தில்தான் பார்த்து வருகிறேன். எனக்கு அதுதான் புத்தகம். உன் தங்கை அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போது அவளிடம் சொல்லிவிட்டேன். நீயும் அம்மாவும் இத்தனை வருடம் அவளிடம் சொல்லாமல் காத்ததை நானே என் வாயால் சொன்னேன்.

நீ பத்தாம் வகுப்புக்குப் போகிற கோடை. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுக் கணக்கில் மோசம் என்று சொன்னார்கள். அங்கிருந்து திரும்பி வந்து உன் அலமாரியைத் திறந்தேன். பத்தொன்பது புத்தகங்கள். அத்தனையும் ஒன்றுக்கும் உதவாத மந்திரக் கதை என்று எனக்குப் பட்டது. ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. உன்னையும் பையையும் ஸ்கூட்டரில் வைத்துப் போத்தனூருக்குக் கூட்டிப்போனேன். நான் கிழித்துப் போட்டிருந்தால் முரட்டு அப்பன் என்று நீ என்னை வெறுத்துவிட்டு அதோடு விட்டிருப்பாய். நான் உன்னைக் கிழிக்கச் சொன்னேன். "தொழில் தெரிஞ்சுக்க" என்றேன். முதல் புத்தகத்தில் நீ கோணலாகப் பிடித்தாய், அட்டை பாதியில் அறுந்தது. நான் பக்கத்தில் வந்து, முதுகை இப்படிப் பிடி, பின்னால் மடக்கு, ஒரே இழுப்பு என்று காட்டிக் கொடுத்தேன். மிச்சம் பதினெட்டையும் நீ சுத்தமாகக் கிழித்தாய். இன்றைக்கு ஒளிக்காமல் சொல்கிறேன், அந்தச் சுத்தத்தைப் பார்த்து அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. பையனுக்குக் கை வந்துவிட்டது என்று வீட்டில் வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்காராமல் உள்ளே போய்விட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

தாரணி எல்லாவற்றையும் கேட்டாள். "அண்ணன் அழுதானா?" என்றாள். "இல்ல அம்மணி." "அப்பறம் என்ன செஞ்சீங்க?" "மெஷின்ல போட்டுக் கட்டா அமுக்கினோம்." "பேரையாச்சும் பாத்தீங்களா?" இல்லை என்று தலையாட்டினேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஏதாவது பேச வேண்டும் என்று, "அந்தக் கதை முடிவு என்ன பெருசா இருக்கப்போவுது கண்ணு, நான் சொல்றேன். அவ படகை விட்டுட்டு உள்ள போயிருப்பா. திரும்பி வந்து வேற படகு செஞ்சுக்கலாம்ல" என்றேன். என் புத்திக்கு அதுதான் எட்டியது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா சொன்ன பொண்ணு அப்பிடிச் செய்ய மாட்டா. நீங்க அண்ணங்கிட்டயே கேளுங்க" என்றாள். அதற்கப்புறம் பேசவில்லை. அட்டையில்லாத அந்த ஐம்பது புத்தகங்களையும் சுவரோரம் அடுக்கி, மேலே அம்மாவின் பழைய சேலை ஒன்றைப் போர்த்தி வைத்திருக்கிறாள். எடுத்துப்போகட்டுமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

உன்னிடம் கேட்க எனக்கு எந்த முகமும் இல்லை என்பதை நான் மறக்கவில்லை. கருமாதி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தபோது நீ என்னருகில் வந்து, "தாரணியக் கொஞ்ச நாளு நான் கூட்டிட்டுப் போறேனுங்கப்பா, அங்க பள்ளிக்கூடம் பாத்து வெச்சிருக்கேன்" என்று மெதுவாகத்தான் கேட்டாய். நான் பங்காளிகள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "கதை படிச்சு நீ கெட்டது போதும், அவளையும் கெடுக்காத" என்றேன். பக்கத்தில் இருந்த உன் மாமன், "அட விடுங்க மச்சான், அவன் என்ன தப்பாக் கேட்டுட்டான்" என்றார். அவரையும் ஒரு வார்த்தை சொன்னேன். நீ சாப்பிடாமல் எழுந்து போனாய். நடந்தது இதுதான். அதற்குள்ளே இருந்ததையும் சொல்கிறேன். அவளும் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரோடு இருப்பது என்று பயந்துவிட்டேன். பயத்தைச் சொல்லத் தெரியாததால் அதிகாரமாகச் சொன்னேன். இத்தனை வருடமும் நான் சொல்ல முடியாததை எல்லாம் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தவள் உன் அம்மா. எனக்கும் உங்களுக்கும் நடுவில் பேசிக்கொண்டிருந்தவள் போனபிறகு நான் நேரடியாகப் பேசிய முதல் பேச்சே அதுதான். அவ்வளவு கேவலமாகப் பேசினேன்.

மறுபடியும் ரெஹானாவிடம் போய் இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன், அட்டை கிழித்தது உட்பட. அவள் திட்டவில்லை. தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, தனக்குத் தெரிந்த வாசகர்கள் எல்லோரிடமும் மணற்கடல் கதையைச் சொல்லி விசாரித்தாள். ஒரு வாரம் ஆயிற்று. யாருக்கும் தெரியவில்லை. "ஐயா, எனக்கு ஒரு சந்தேகமுங்க. அம்மா இதை எப்பக் கேட்டாங்களாம்?" என்றாள். நான் யோசித்தேன். வியாபாரிக்கு எந்தச் சரக்கு எப்போது எங்கிருந்து வந்தது என்பது மறக்காது. நான் குடோனிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் சமையலறையில் உன் பேச்சு நின்றுபோகும். அம்மா மாவாட்டிக்கொண்டிருப்பாள், நீ அரிசி டின்மேல் உட்கார்ந்திருப்பாய். கதை என்ன என்று எனக்குத் தெரியாது, அது நின்றுபோகிற இடம் மட்டும் தெரியும். நாம் சரவணம்பட்டி வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் அது நடந்தது, அந்தச் சமையலறைதான் என் கண்ணில் நிற்கிறது. அந்த வீட்டுக்கு வந்தது நீ பத்தாவது பாதி படிக்கும்போது. அதற்கு ஆறு மாதம் முன்பே உன் பத்தொன்பது புத்தகங்களும் கூழாகியிருக்கும். புத்தகமே இல்லாத வருடத்தில் அந்தக் கதை எங்கிருந்து வந்தது? நான் கேட்டதும் ரெஹானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அப்ப இது அச்சடிச்ச கதையே இல்லீங்க. தம்பியோட சொந்தக் கதை" என்றாள்.

நீ என்ன வேலை செய்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் கம்ப்யூட்டரில் வேலை என்றுதான் இத்தனை நாள் சொல்லிவந்தேன். பிள்ளைகள் விளையாடுகிற ஆட்டங்களுக்குக் கதை எழுதுகிறான் என்று சொல்லக் கூச்சப்பட்டேன். அதற்கும் சம்பளம் கொடுத்துக் கூட்டிப்போகிறார்கள் என்றால் அதற்குள் ஏதோ சரக்கு இருக்கிறது என்று ஒரு வியாபாரிக்குக்கூடப் புரியவில்லை பார். அன்றைக்கு ரெஹானாதான் உன் முழுப்பெயரைக் கேட்டாள். சொன்னதும் போனில் இதழின் பக்கத்தைத் திறந்து காட்டினாள். ஒவ்வொரு இதழுக்குக் கீழேயும் கனடாவிலிருந்து கதிர் என்று ஒருவர் கருத்து எழுதுகிறார், மூன்று வருடமாக. உன் படம். தாடி வைத்திருக்கிறாய். போன இதழில் ஒரு நாவலைப் பரிந்துரைத்து எழுதியிருந்தாய். அதைத் தாளில் எடுத்துத் தரச் சொல்லிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். 'பதினான்கு வயதில் ஒருவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால் குறுக்கே பேசாதீர்கள். எங்கேயும் தொலைந்துவிட மாட்டார். திரும்பி வருவார்.' யாரை நினைத்து எழுதினாய் என்று நான் கேட்கப்போவதில்லை.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க இதை எழுதவில்லை. அது உனக்கு எப்போது தோன்றுகிறதோ, தோன்றாமலே போகிறதோ, அதை உன்னிடமே விட்டுவிட்டேன். எனக்கு அறுபத்திரண்டு வயதாகிறது. கையில் குடோன் இருக்கிறது, லாரி இருக்கிறது, மாடி வீடு இருக்கிறது. இத்தனையும் வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளையை இன்னொரு வாய் இட்லி சாப்பிட வைக்க எனக்கு வழி தெரியவில்லை. தெரிந்த கதவை எல்லாம் தட்டிவிட்டேன். நீ அந்த முடிவை மறந்து போயிருந்தாலும் பரவாயில்லை. அம்மா சொன்னது எந்த இடத்தில் நின்றது என்று அவளைக் கேள், அவள் சொல்லுவாள். அங்கிருந்து நீ சொல். அவளை அங்கே அழைத்துக்கொள்வதாக இருந்தாலும் சொல். நான் குறுக்கே நிற்க மாட்டேன். பாஸ்போர்ட்டுக்குத் தகப்பன் சம்மதம் எழுதிக் கொடுக்கும் பாரத்தில் என் கையெழுத்தைப் போட்டு அவள் மேசையில் வைத்துவிட்டேன்.

உன் அம்மாவின் போன் இன்னும் உயிரோடு இருக்கிறது. தாரணிதான் அதற்குச் சார்ஜ் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். அதிலிருந்து உனக்குக் கூப்பிட்டால் நீ எடுப்பாய் என்று எனக்கு இரண்டு முறை புத்தி போயிற்று. உன் திரையில் அம்மா என்று வரும், எடுத்தால் என் குரல் கேட்கும். அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. நீ அதற்குக் கூப்பிடு. காலை ஏழு மணிக்கு அவள் விழித்திருப்பாள், உனக்கு அது முந்தைய நாள் சாயங்காலம். நாளையிலிருந்து திங்கட்கிழமை வரை ஆறரைக்கே நான் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவேன். மரகதம் வந்து கீழே சமையலறையில் இருப்பாள், மாடிக்கு வர மாட்டாள். ஒன்பது மணிக்கு முன்னால் நான் திரும்ப மாட்டேன். நீ என் குரலைக் கேட்க வேண்டியிருக்காது. கதை எப்படி முடிந்தது என்று அவள் என்னிடம் சொல்ல வேண்டியதும் இல்லை. நான் வரும்போது அவள் தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

அப்பா